ஜெனீவாவிலிருந்து ஏழு மணி புல்லட்டினுக்கு: வெளிநாட்டில் டிவி ரிப்போர்ட்டிங் செய்வது எப்படி

ஒரு தமிழ் சேனல் தன் ரிப்போர்ட்டரைக் கடல் தாண்டி அனுப்புவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அங்கே நின்று, பார்த்து, கேட்டுச் சொல்ல நம் ஆள் ஒருவர் வேண்டும். மற்றதெல்லாம் சென்னையிலேயே கிடைக்கிறது. ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி. காட்சிகள் டெஸ்குக்கு வந்துவிடுகின்றன. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடினால் ஐ.நா.வின் வெப் டிவியில் வாக்கெடுப்பை யார் வேண்டுமானாலும் நேரலையில் பார்க்கலாம். அப்படியிருக்க, அங்கே போய் நின்றுகொண்டு அதே ஏஜென்சி செய்தியைப் படித்தால் போன செலவு வீண். கீழே சொல்லும் விசா, சுங்கக் காகிதம், பேட்டரி, சிம் கார்டு எல்லாம் நேரில் பார்த்ததைச் சொல்லும் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான்.

உதாரணத்துக்கு இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறோம். தமிழ் நேயர்கள் அதிகம் கவனிக்கும் ஜெனீவாவும் கொழும்பும். பாக்தாத் போனாலும் வாஷிங்டன் போனாலும் வேலையின் எலும்புக்கூடு இதுவே.

அந்த வேலைக்கு எப்படிப் போய்ச் சேர்வது

தமிழ் சேனல்களில் 'வெளிநாட்டுச் செய்தியாளர்' என்று தனி நாற்காலி பெரும்பாலும் கிடையாது. சம்பவம் நடந்தால் யாரை அனுப்பலாம் என்று அசைன்மென்ட் டெஸ்க் யோசிக்கும்போது, முதலில் நினைவுக்கு வரும் பெயராக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்மையில் பலன் தருகின்றன. ஒன்று, சர்வதேச டெஸ்கில் ஓரிரு வருட இரவு ஷிஃப்ட். ஏஜென்சி காட்சியோடு வரும் ஷாட் லிஸ்டையும், எந்தக் காட்சியை யார் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் வரி வரியாகப் படிக்கும் பழக்கம் அங்கேதான் வரும். இன்னொன்று டெல்லி பீரோ. வெளியுறவு அமைச்சகத்தின் வாராந்திர செய்தியாளர் சந்திப்பு, தூதரகங்களின் பத்திரிகைப் பிரிவு, நாடாளுமன்றம் மூன்றும் அங்கே இருக்கின்றன. அவசரத்தில் விசா விண்ணப்பத்தை நகர்த்தித் தரப்போவது அந்தப் பத்திரிகைப் பிரிவு அதிகாரிதான்.

மொழி விஷயத்தில் ஒரு வார்த்தை. இலங்கைச் செய்திக்குத் தமிழ் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. தமிழ் மட்டும் தெரிந்தவர் கொழும்பில் ஒரு தரப்பைத்தான் கேட்கிறார். சிங்களம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குக் கற்றாலே பதாகையில் என்ன எழுதியிருக்கிறது, கோஷம் யாரைப் பற்றியது என்பது பிடிபடும். தமிழிலேயும் கவனம் வேண்டும். அங்கே 'கதைக்கிறது' என்றால் பேசுவது. நாம் ரணில் விக்ரமசிங்கே என்று எழுதுவதை அங்குள்ளவர்கள் விக்ரமசிங்க என்று எழுதுகிறார்கள். காலி முகத்திடலை 'கேலே ஃபேஸ்' என்று உச்சரித்த மாத்திரத்தில், யாழ்ப்பாணத்தில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நம் மேல் நம்பிக்கை போய்விடும்.

ஸ்டிரிங்கராகவோ (செய்திக்கு இவ்வளவு என்று பணம் வாங்குபவர்) ஃப்ரீலான்ஸாகவோ போகிறவர்கள் கிளம்புமுன் மின்னஞ்சலில் ஐந்து விஷயங்களை எழுதி வாங்க வேண்டும். பேக்கேஜுக்கு (குரல், பேட்டி, காட்சி சேர்த்துக் கட்டிய செய்தித் தொகுப்பு) எவ்வளவு, ஒவ்வொரு லைவுக்கும் எவ்வளவு; அனுப்பிய செய்தி ஒளிபரப்பாகாவிட்டாலும் பணம் உண்டா; விசாவும் காப்பீடும் யார் செலவு; காயம்பட்டால் ஊர் கொண்டுவரும் பொறுப்பு யாருடையது; எடிட் செய்யாத காட்சியின் உரிமை யாருக்கு. போனில் 'பார்த்துக்கலாம்' என்று சொன்னது கணக்குப் பிரிவுக்குத் தெரியாது.

காகிதங்கள்

சுற்றுலா விசாவில் போய்ச் செய்தி சேகரிக்காதீர்கள். மாட்டினால் நீங்கள் ஒருவர் மட்டும் திருப்பி அனுப்பப்படுவதில்லை; உங்களுக்கு உதவிய உள்ளூர்க்காரர் விசாரிக்கப்படுவார். அமெரிக்காவுக்குச் செய்தியாளருக்கென்றே 'ஐ' விசா இருக்கிறது. சீனாவில் அங்கேயே தங்கி வேலை செய்பவருக்கு ஜே-1, குறுகிய காலத்துக்கு ஜே-2. இலங்கையில் ஊடக அங்கீகாரம் அரசாங்கத் தகவல் திணைக்களம் வழியாக. சுவிட்சர்லாந்துக்கு ஷெங்கன் விசா, அதற்குமேல் ஐ.நா. வளாகத்துக்குள் நுழையத் தனி அங்கீகாரம். அதற்குச் சேனலின் லெட்டர்ஹெட்டில் ஆசிரியர் கையெழுத்திட்ட கடிதம், பாஸ்போர்ட் நகல், பிரஸ் கார்டு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் காலை வாருகிறது. பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் விரிவாக இருக்கும், பிரஸ் கார்டில் ஒற்றை எழுத்து இருக்கும், வாசலில் இருப்பவருக்கு அது இரண்டு ஆள்.

கேமராவுக்கும் பாஸ்போர்ட் உண்டு. ஏ.டி.ஏ. கார்னெட் என்று பெயர். தொழில்முறைக் கருவிகளைத் தற்காலிகமாக எடுத்துப்போய் வரி கட்டாமல் திருப்பிக்கொண்டுவர உதவும் சுங்க ஆவணம். இந்தியாவில் இதை வழங்குவது ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு. அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். கேமரா, லென்ஸ், ட்ரைபாட், மைக், பேக்பேக் யூனிட் (சிம் வழியாக லைவ் அனுப்பும் முதுகுப்பைக் கருவி) என ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் மதிப்பும் அதில் வர வேண்டும். இதில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: முத்திரை வாங்க மறப்பது. இந்தியாவை விட்டுக் கிளம்பும்போது, அந்த நாட்டில் இறங்கும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, இந்தியா திரும்பும்போது என்று நான்கு இடங்களில் சுங்க அதிகாரி முத்திரை போட வேண்டும். ஒன்று விட்டுப்போனால், பொருளை அந்த நாட்டிலேயே விற்றுவிட்டதாகக் கொண்டு பல மாதம் கழித்து வரி கேட்டு நோட்டீஸ் வரும். அதிகாலை விமானம் என்றால் சுங்கக் கவுன்டருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு சிறிய கேமராவோடு போகிறவர் கிளம்பும் விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழாவது வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது சொந்தக் கேமராவுக்கே வரி கேட்பார்கள்.

சாதாரணப் பயணக் காப்பீடு போர், கலவரம் இரண்டையும் விலக்கியே வைத்திருக்கும். விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு தன் உறுப்பினர்களுக்குக் காப்பீட்டு வசதி வைத்திருக்கிறது. ரோரி பெக் அறக்கட்டளை ஃப்ரீலான்ஸர்களின் பாதுகாப்புப் பயிற்சிக்கு நிதி உதவி செய்கிறது.

பையில் என்ன, எந்தப் பையில்

உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-ஹவர் வரை சிக்கல் இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டே இரண்டு. அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் கிடையாது. பேட்டரியில் வோல்ட்டும் ஆம்பியர்-ஹவரும் மட்டும் அச்சிட்டிருந்தால் இரண்டையும் பெருக்கிக்கொள்ளுங்கள்: 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-ஹவர் என்றால் 98. கேமரா கடைகளில் 98 என்ற எண் ஏன் இவ்வளவு சாதாரணமாகக் காணப்படுகிறது என்பதற்கு விடை இதுதான். முனைகளை டேப் ஒட்டி மூடுங்கள்.

சாட்டிலைட் போன் வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள். பல நாடுகளில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். இந்தியாவிலும் அப்படித்தான், திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்திலேயே சிக்கல் வரலாம். ட்ரோனுக்கும் இதே எச்சரிக்கை. மொராக்கோ, எகிப்து போன்ற நாடுகள் அதை எல்லையிலேயே பறிமுதல் செய்கின்றன.

நாம் படமெடுப்பது நொடிக்கு 25 ஃபிரேம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலோ தென்கொரியாவிலோ மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே குழல் விளக்கின் கீழ் எடுத்தால் படம் துடிக்கும். ஷட்டரை 1/60-இல் வையுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். வியூஃபைண்டரில் இது சரியாகத் தெரியாது. எடுத்ததை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சுவிட்சர்லாந்தில் பிளக் தனி வகை. மெல்லிய ஐரோப்பிய இரண்டு முள் பிளக் நுழையும், எர்த் இணைப்புள்ள பருமனான ஐரோப்பிய பிளக் நுழையாது. அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத நாடு என்பதால் 'ஐரோப்பா முழுவதும்' என்று விற்கும் பல சிம்கள் அங்கே வேலை செய்யாது, அல்லது டேட்டாவுக்குத் தனிக் கட்டணம். ஜெனீவாவோ பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஊர். போன் தானாகவே பிரெஞ்சு நெட்வொர்க்குக்குத் தாவும். நெட்வொர்க் தேர்வை மேனுவலில் வைப்பது நல்லது.

கண்ணீர்ப்புகையில் கண்ணைக் காக்க நீச்சல் கண்ணாடி உதவும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டவே வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். கண்ணில் பட்டால் வெறும் தண்ணீர். துப்பாக்கிச் சூடு நடக்கும் இடத்துக்குத் தகடு வைத்த கவசம் தேவை. துணிக் கவசம் கைத்துப்பாக்கிக் குண்டைத்தான் தடுக்கும், ரைஃபிளைத் தடுக்காது. தகடும் ஹெல்மெட்டும் சேர்ந்தால் பத்து கிலோவைத் தாண்டும். அதைப் போட்டுக்கொண்டு ஓடிப் பழகாதவர் களத்தில் அரை மணி நேரத்தில் கழற்றிவிடுவார். கவசமும் எல்லாவற்றையும் காக்காது. அல் ஜசீராவின் ஷிரீன் அபு அக்லே 2022 மே 11 அன்று ஜெனினில் 'பிரஸ்' என்று எழுதிய கவசமும் ஹெல்மெட்டும் அணிந்திருந்தபோதே தலையில் சுடப்பட்டு இறந்தார். அதனால்தான் ஆபத்துச் சூழல் பயிற்சியில் கவசத்தைவிட எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதற்கு அதிக நேரம் செலவிடுகிறார்கள். பயிற்சி சாதாரணமாக மூன்று முதல் ஐந்து நாள். அங்கே டூர்னிகேட் (ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்டக் கற்றுக்கொள்வது ஒன்றுக்காகவே போகலாம்: காயத்துக்கு மேலே ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர், மூட்டின் மேல் அல்ல, ரத்தம் நிற்கும் வரை இறுக்கி, கட்டிய நேரத்தை அதன் மேலேயே எழுத வேண்டும். கேமராமேனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு அடிபட்டால் கட்டப்போவது அவர்தான்.

ஃபிக்சர்

உள்ளூரில் வண்டி, மொழிபெயர்ப்பு, தொடர்பு மூன்றையும் பார்த்துக்கொள்பவர். பெரும்பாலும் அவரே ஒரு பத்திரிகையாளர். நாள் கூலி, வேலை நேரம், எரிபொருள் யார் செலவு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். 2022 ஜூன் கடைசியில் இலங்கை அத்தியாவசியச் சேவை தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று நிறுத்தியபோது, எந்த ஃபிக்சரிடம் டேங்க் நிரம்பிய வண்டி இருந்ததோ அவரை வைத்திருந்த குழுவால்தான் வேலை பார்க்க முடியும் என்ற நிலை. அதே வருடம் மார்ச்சில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. ஏப்ரல் 3-ஆம் தேதி சமூக ஊடகங்களே முடக்கப்பட்டன. டெஸ்கோடு வாட்ஸ்அப்பில் மட்டும் பேசிப் பழகியிருந்தால் அன்று கை ஒடிந்த மாதிரிதான். டெஸ்க், பி.சி.ஆர். (ஸ்டுடியோ நிகழ்ச்சியை இயக்கும் அறை), எம்.சி.ஆர். (சேனலின் மொத்த ஒளிபரப்பை இயக்கும் அறை) மூன்றின் லேண்ட்லைன் எண்களும் தாளில் எழுதி ஆளுக்கொன்று சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

நீங்கள் ஐந்து நாளில் விமானம் ஏறிவிடுவீர்கள். ஃபிக்சர் அதே தெருவில்தான் குடியிருக்கிறார். அவர் பெயரைத் திரையில் போடலாமா, முகம் எங்காவது வந்துவிட்டதா என்று ஒளிபரப்புக்கு முன் அவரிடமே கேளுங்கள்.

மொழிபெயர்க்கும்போது அவர் சுருக்கிச் சொல்வார். பேசுபவர் ஒரு நிமிடம் அழுதுகொண்டே சொன்னதை 'பயமாக இருந்ததாம்' என்று முடித்துவிடுவார். 'நான் என்று சொல்லிச் சொல்லுங்கள், ஒவ்வொரு வாக்கியமாக' என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பைட்டின் (பேசியவர் குரலிலேயே போகும் பேட்டித் துண்டு) உயிர் தப்பும்.

வாக்கெடுப்பு நாள்

மனித உரிமைப் பேரவையின் வழக்கமான அமர்வு வருடத்தில் மூன்று முறை. வசந்தகால அமர்வில் தீர்மானங்கள் கடைசி நாட்களில்தான் வாக்குக்கு வரும். ஜெனீவா குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. சென்னையின் ஏழு மணி புல்லட்டின் அங்கே மதியம் 2.30, மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றிய பிறகு 3.30. அமர்வு அந்த ஞாயிற்றைத் தாண்டினால் ரன்டவுனில் (புல்லட்டினின் செய்தி வரிசைப் பட்டியல்) உங்கள் லைவ் நேரம் ஒரு மணி நேரம் பிசகும். டெஸ்கிடம் எப்போதும் இந்திய நேரத்தை மட்டும் சொல்லுங்கள், உங்கள் கைக்கடிகாரமும் இந்திய நேரத்திலேயே இருக்கட்டும்.

முந்தின இரவே ஒரு பக்கக் குறிப்பு எழுதிவிடுங்கள். உறுப்பு நாடுகள் 47. இலங்கை பற்றிய தீர்மானத்துக்கு 2012-இல் ஆதரவு 24, எதிர்ப்பு 15, விலகல் 8, இந்தியா ஆதரித்தது. 2014-இல் இந்தியா விலகி நின்றது. 2021-இல் 22, 11, 14. இந்தியா மீண்டும் விலகல். இந்த எண்களைக் கையில் வைத்திருந்தால்தான், அன்றைய முடிவு வந்த அடுத்த நிமிடமே அதன் பொருளைச் சொல்ல முடியும். 2021-இல் 11-ஐயும் 14-ஐயும் கூட்டி, 25 நாடுகள் ஆதரிக்கவில்லை என்று கணக்குச் சொன்ன தரப்பும் இருந்தது. விலகிய வாக்கு எந்தப் பக்கமும் சேராது, ஆதரவு எதிர்ப்பைவிட அதிகமானால் தீர்மானம் நிறைவேறும் என்ற விதியை நேயருக்கு ஒரே வரியில் விளக்குவது உங்கள் வேலை. ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று என இரண்டு முதல் வாக்கியங்களை எழுதி வையுங்கள்.

லைவுக்கு எல்லோரும் நிற்கும் இடம் வளாகத்துக்கு வெளியே உள்ள சதுக்கம். ஒரு கால் உடைந்த 12 மீட்டர் உயர மர நாற்காலி அங்கே நிற்கிறது. கண்ணிவெடிகளுக்கு எதிராக 1997-இல் நிறுவியது. ஐரோப்பா முழுவதிலுமிருந்து வரும் தமிழர்கள் கூடுவதும் அங்கேயே. மண்டபத்துக்குள் நடப்பது வெப் டிவியில் எல்லோருக்கும் கிடைக்கும். எண் அறிவிக்கப்படும் நொடியில் அந்த நாற்காலிக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் முகம் உங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆகவே கேமராமேன் வெளியே, நீங்கள் உள்ளே என்று பிரிந்துகொள்வதே எங்கள் பரிந்துரை. ஒவ்வொரு ஷாட்டையும் பத்து விநாடி அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். முப்பது விநாடி ஆம்பியன்ஸ் (சுற்றுப்புற ஒலி) தனியாக.

பேக்பேக் யூனிட் நான்கைந்து சிம்களின் டேட்டாவைச் சேர்த்து ஒரே ஃபீடாக அனுப்புகிறது. எல்லா சிம்மும் ஒரே கம்பெனி என்றால் பயனில்லை. கூட்டம் சேர்ந்தால் அந்த டவர் திணறும், எல்லாம் ஒன்றாகச் சாயும். எச்.டி. படத்துக்கு 5 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் நிம்மதி. அது இறங்கினால் யூனிட்டின் தாமதத்தை இரண்டு மூன்று விநாடிக்கு உயர்த்துங்கள், படம் உடையாது. கட்டடத்துக்குள் கேபிள் இணைப்பு கிடைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. லைவ் போகும்போதே கேமராவின் கார்டிலும் பதிவு ஓட வேண்டும்.

தாமதத்தை உயர்த்தியதும் ஒரு தொல்லை வரும். ஸ்டுடியோ உங்களுக்கு அனுப்பும் ஒலியில் உங்கள் குரலும் கலந்திருந்தால், நீங்கள் 'வணக்கம்' என்று சொல்லி 'பேரவையில்' என்று தொடங்கும்போது காதுக்குள் உங்கள் 'வணக்கம்' கேட்கும். நாக்கு தானாகத் தடுமாறும், பேச்சு இழுபடும். எவ்வளவு அனுபவசாலியாலும் இதை எதிர்த்துப் பேச முடியாது. மருந்து 'மிக்ஸ் மைனஸ்': உங்கள் குரலைக் கழித்துவிட்டு மீதி ஒலியை மட்டும் அனுப்புவது. லைவுக்குப் பத்து நிமிடம் முன்பே பி.சி.ஆரில் கேட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிச் சோதியுங்கள். ஒளிபரப்பின் நடுவில் எதிரொலி வந்துவிட்டால் இயர்பீஸைப் பாதி வெளியே இழுத்துவிட்டு, வாக்கியத்தை முடித்து, பிறகு மெல்ல உள்ளே தள்ளுங்கள். ஆங்கர் கேள்வியை முடித்த பிறகும் உங்கள் முகம் இரண்டு விநாடி சும்மா இருக்கும். அப்போது 'ஹலோ, கேட்குதா' என்று ஆரம்பிக்காமல் கேமராவைப் பார்த்தபடி இருங்கள்.

பதிலில் மூன்றே விஷயம்: இப்போது என்ன நடந்தது, இங்கே என்ன பார்த்தேன், அடுத்து என்ன. பார்த்ததை 'பார்த்தேன்' என்றும், ஒருவர் சொன்னதை அவர் பெயரோடும், ஏஜென்சி சொன்னதை ஏஜென்சி பெயரோடும் சொல்ல வேண்டும். மூன்றையும் 'தகவல்கள் தெரிவிக்கின்றன' என்ற ஒரே பானையில் போட்டால், நீங்கள் அங்கே இருப்பதன் மதிப்பு அப்போதே கரைந்துவிடுகிறது. தெரியாத கேள்வி வந்தால் 'அது இங்கே இன்னும் உறுதியாகவில்லை' என்று சொல்லிவிட்டு, உறுதியான ஒன்றுக்கு நகருங்கள். ஆங்கர் வற்புறுத்தினாலும் ஊகத்துக்குள் இறங்க வேண்டாம்.

பேக்கேஜ் கணக்கு இப்படி. மொத்தம் 120 விநாடி. மூன்று பைட் சேர்ந்து 40, பி.டி.சி. (கேமராவைப் பார்த்து நீங்கள் பேசுவது) 15 போனால் வி.ஓ.வுக்கு (காட்சியின் மேல் ஓடும் உங்கள் குரல்) 65 விநாடி. தமிழில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல். ஆக, எழுத உங்களுக்கு இருப்பது 110 சொற்களுக்குள். அந்த இரண்டு நிமிடத்தை 50 எம்பிபிஎஸ் ஃபைலாக அனுப்பினால் 750 எம்பி. 5 எம்பிபிஎஸ் அப்லோடில் இருபது நிமிடம். 8 எம்பிபிஎஸ்ஸுக்குச் சுருக்கினால் 120 எம்பி, சுமார் மூன்றேகால் நிமிடம். நெருக்கடியில் சுருக்கியதை முதலில் அனுப்பிவிட்டு, தரமானதை இரவில் அனுப்புங்கள். வரிசை: முதலில் வி.ஓ., பிறகு பைட், அப்புறம் விஷுவல்ஸ். குரல் போய்ச் சேர்ந்தால் டெஸ்க் ஏஜென்சி காட்சியை வைத்தாவது கட்டிவிடும்.

துயரத்தில் இருப்பவரிடம் பேசும்போது

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் சாலையோரம் தொடர் போராட்டம் நடத்தினார்கள். வந்த ஒவ்வொரு கேமராவிடமும் அதே கதையைச் சொன்னவர்கள். மைக்கை நீட்டி 'எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்காதீர்கள். கையில் வைத்திருக்கும் புகைப்படத்தைப் பார்த்து, 'அம்மா, இவர் பெயர் என்ன, இந்தப் படம் எப்போது எடுத்தது' என்று ஆரம்பியுங்கள். பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம், தேதி, யார் கையில் ஒப்படைக்கப்பட்டார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அது பைட்டில் வராவிட்டாலும் பதிவில் இருக்க வேண்டும். படத்தை நல்ல வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்தின் பிரதிபலிப்பு விழாமல், விரல் பிடித்திருப்பது தெரியும்படி ஒரு க்ளோஸ்-அப். ரேகை தேய்ந்த அந்தக் கட்டைவிரல் நூறு சொல்லுக்குச் சமம்.

எப்போது ஒளிபரப்பாகும், யார் பார்ப்பார்கள், யூடியூபில் நிரந்தரமாக இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் போன பிறகு அந்த வீட்டுக்கு யாராவது வந்து விசாரிப்பார்களா என்று ஃபிக்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுவரை முடிவு செய்யுங்கள்.

கிளம்பும் நாள்

விமான நிலையத்தில் கார்டு பறிபோகலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இரண்டு பிரதி: ஒன்று உங்களிடம், ஒன்று கேமராமேனிடம், முக்கியமான காட்சிகள் முந்தின இரவே சென்னைக்குப் போயிருக்க வேண்டும். போனில் முகத்தைக் காட்டித் திறக்கும் வசதியை நிறுத்திவிட்டு எண் பூட்டுக்கு மாறுங்கள். பெயர் சொல்ல விரும்பாதவர்களின் எண்ணும் உரையாடலும் போனில் இருக்கக் கூடாது. சிங்களத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும் ரசீதுகளின் பின்பக்கம் தேதி, தொகை, எதற்கு என்பதை அன்றன்றே தமிழில் எழுதியிருந்தால் கணக்குப் பிரிவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

சென்னையில் இறங்கியதும் சாமான் பெல்ட்டிலிருந்து நேராக சிவப்பு வழிக்குப் போங்கள். பச்சை வழியில் வெளியே வந்துவிட்டால் கார்னெட்டின் கடைசி முத்திரை கிடைக்காது. செய்தி ஒளிபரப்பானதும் இணைப்பை ஃபிக்சருக்கு அனுப்பி, ஒரு வாரம் கழித்து அவரையும் பேசியவர்களையும் அழைத்து, யாராவது வந்து எதுவும் கேட்டார்களா என்று விசாரியுங்கள். கேட்டிருந்தால் ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவித்து, அந்த வீடியோவை இணையத்தில் விடலாமா எடுக்கலாமா என்று அன்றே முடிவெடுக்க வைக்க வேண்டும்.